‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது’... கனடா விசா அப்படி நினைக்குமா?

குடித்துவிட்டு பைக் ஓட்டி முதல் தடவை மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் ஜெயிலுக்கு அனுப்புவது அபூர்வம். சொன்ன தேதியில் கோர்ட்டுக்குப் போய், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, ‘ஆமாங்கய்யா, குடிச்சிருந்தேன்’ என்று ஒத்துக்கொண்டு, பணத்தைக் கட்டி, ரசீதைக் காட்டி வண்டியை மீட்டுக்கொண்டு வந்துவிடலாம். பாதிப்பேர் வீட்டில் சொல்வதே இல்லை. கல்யாணப் பேச்சில் யாரும் கேட்பதும் இல்லை. சிக்னலில் ஹெல்மெட்டுக்குக் கட்டின ஃபைன் மாதிரிதானே இதுவும் என்று ஆளும் மறந்துவிடுகிறார்.

நாலைந்து வருடம் கழித்து மனைவிக்கு கனடா பிஆர் வாய்ப்பு வருகிறது. ஐஇஎல்டிஎஸ் எழுதி, மார்க் வாங்கி, வேலை அனுபவச் சான்றுகளை எல்லாம் சேர்த்து, பாயின்ட்ஸ் கூட்டிப் பார்த்து, ஒருவழியாக அழைப்பும் வந்துவிடுகிறது. படிவங்களைத் தாக்கல் செய்ய 60 நாள். அதில் கணவர் நிரப்ப வேண்டிய பகுதியில் ஒரு கேள்வி: எந்த நாட்டிலாவது, எந்தக் குற்றத்துக்காகவாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? அல்லது உங்கள் மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா?

நேர்மையான பதில் ‘ஆம்’. அந்த ‘ஆம்’ கணவரை மட்டும் அல்ல, மனைவியையும் குழந்தையையும் சேர்த்தே நிறுத்திவிடும் என்பது நிறைய தம்பதிகளுக்கு அந்த 60 நாளுக்குள்தான் தெரியவருகிறது.

அது ஃபைன் இல்லை, தண்டனை

ஹெல்மெட் போடாதது, சிக்னலைத் தாண்டியது போன்றவற்றுக்கு போலீஸே இடத்தில் அபராதம் வாங்கிக்கொண்டு விவகாரத்தை முடிக்கலாம். சட்டத்தின் 200வது பிரிவு அப்படி முடிக்கக்கூடிய குற்றங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது அதில் இல்லை. அதனால்தான் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே ஒப்புக்கொண்டு பணம் கட்டினால், சட்டத்தின் பார்வையில் நடந்தது இதுதான்: குற்றவியல் நடுவர் ஒருவர் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்து, அபராதத் தண்டனை கொடுத்திருக்கிறார். அதற்கு எஸ்.டி.சி நம்பர் ஒன்று இருக்கும். நம் ஊரில் இதைப் ‘பெட்டி கேஸ்’ என்கிறோம். வெளிநாட்டுப் படிவத்தில் பெட்டி கேஸ் என்று தனிக் கட்டம் கிடையாது.

அடுத்த சிக்கல், வெளிநாட்டு அதிகாரி இந்தியச் சட்டப்படி என்ன தண்டனை கிடைத்தது என்று பார்த்து முடிவெடுப்பதில்லை. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36வது பிரிவு வேறு கேள்வி கேட்கிறது. அதே செயலை கனடாவில் செய்திருந்தால் அங்கே அது என்ன குற்றம், அதற்கு அதிகபட்சத் தண்டனை என்ன? 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் ‘கடும் குற்றம்’. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை கனடாவில் முன்பு 5 வருடமாக இருந்தது. 2018 டிசம்பர் 18 முதல் அதை 10 வருடமாக உயர்த்திவிட்டார்கள். சைதாப்பேட்டை கோர்ட்டில் கட்டின அபராதம் ஒட்டாவாவில் கடும் குற்றமாக மாறுவது இப்படித்தான். நீங்கள் ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். அனுமதியில்லாமல் கூடிப் போராடியவர்கள் மேல் நம் போலீஸ் வழக்கமாகப் போட்டுவந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143வது பிரிவு, சட்டவிரோதமாகக் கூடுதல். அதற்கும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதாவது இந்தியாவில் இரண்டு குற்றமும் கிட்டத்தட்ட ஒரே எடை. கனடாவில் சட்டவிரோதமாகக் கூடுவது மிகச் சாதாரண வகைக் குற்றம். அதற்காக ஒரே ஒரு தண்டனை இருந்தால் அதை வைத்து நுழைவை மறுப்பதில்லை. வெவ்வேறு சம்பவங்களில் இரண்டு தண்டனை இருந்தால் கதை மாறும். ஊரே சேர்ந்து சாலை மறியல் செய்து தண்டனை வாங்கியவர் தப்பிவிடலாம், பார்ட்டி முடிந்து பைக்கை எடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

இதில் கனடா மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. குடிபோதையில் வண்டி ஓட்டுவதை நாம்தான் ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிறோம். அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை அவர்கள் கடுமையாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒப்பீட்டு முறையில் ஒரு சிறு ஜன்னலும் உண்டு. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் அந்த எல்லை 80 மில்லிகிராம். ஊதச் சொன்ன கருவியில் 45 காட்டியிருந்தால், இந்த அளவை வைத்து மட்டும் பார்த்தால் கனடாவில் அது குற்றமே ஆகாது என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அங்கே அளவு எவ்வளவாக இருந்தாலும் போதையில் வண்டியைச் சரியாக ஓட்ட முடியாத நிலையில் இருந்தாலே குற்றம் என்று இன்னொரு வழியும் உள்ளது. அதனால் ‘45தானே’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. எஃப்ஐஆரில் தள்ளாடினார், விபத்து ஏற்படுத்தினார் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். எப்படியிருந்தாலும் அந்தக் கருவி துப்பிய சின்னத் துண்டுச் சீட்டுக்கு இத்தனை மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

‘நான் முதல்ல போறேன், நீங்க அப்புறம் வாங்க’

சிக்கல் தெரிந்ததும் வீட்டில் வரும் முதல் யோசனை இதுதான். கணவரை விண்ணப்பத்தில் ‘உடன் வரவில்லை’ என்று காட்டிவிட்டு மனைவியும் குழந்தையும் முதலில் போய்விடலாம், பிறகு ஸ்பான்சர் செய்து கூப்பிட்டுக்கொள்ளலாம். பணக்கஷ்டத்துக்காக அப்படிப் பிரிந்து போன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதால் இது இயல்பாகவே தோன்றும்.

பிஆர் விஷயத்தில் இது எடுபடாது. அதே சட்டத்தின் 42வது பிரிவு, குடும்ப உறுப்பினர் ஒருவர் தகுதியற்றவர் என்றால் விண்ணப்பதாரரும் தகுதியற்றவர் என்கிறது. கணவன் அல்லது மனைவி உடன் வராவிட்டாலும் இது பொருந்தும். 18 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், வருகிறாரோ இல்லையோ, பின்னணி விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: அந்த உறவு சட்டப்படியோ உண்மையிலேயோ முறிந்துபோயிருக்க வேண்டும்.

‘அப்போ பேப்பர்ல டைவர்ஸ் வாங்கிக்கலாம், அங்க போய் சேர்ந்துக்கலாம்’ என்று யோசனை சொல்லும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். குடிவரவு அந்தஸ்து பெறுவதற்காகவே உறவை முறித்துவிட்டு, பிறகு அதே நபருடன் மறுபடி சேர்ந்தால் அவரைத் துணையாகக் கருத மாட்டார்கள். துணையே இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் இன்னும் மோசம். விண்ணப்பத்தின்போது சொல்லாமல், பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட குடும்ப உறுப்பினரைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது பொதுவான விதி. இரண்டு வருடப் பிரிவு என்று கிளம்பியது எத்தனை வருடத்தில் போய் முடியும் என்று சொல்ல முடியாது.

திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் கனடா அவர்களைத் துணை என்றே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் தற்காலிக அனுமதி வேறு. படிப்பதற்கோ வேலைக்கோ மனைவி தனியாகப் போகிறார் என்றால், கணவரின் குடிபோதை வழக்கு அவரைத் தடுக்காது. தற்காலிகமாகப் போகிறவர்களுக்கு, தேசப் பாதுகாப்பு, மனித உரிமை மீறல், திட்டமிட்ட குற்றக் கும்பல் போன்றவற்றில் குடும்பத்தினர் சம்பந்தப்பட்டிருந்தால்தான் 42வது பிரிவு பாயும். கணவர் பார்க்கப் போக வேண்டுமென்றால் அவர் தனக்காகத் தனியே தற்காலிக வசிப்பு அனுமதி கேட்க வேண்டும். அதுவும் தகுந்த காரணம் இருந்தால், அதிகாரிக்கு மனது வைத்தால்.

மறைத்தால் என்ன ஆகும்?

ஏஜென்ட் ஆபீஸ்களில் சர்வ சாதாரணமாகக் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. ‘சார், ஃபைன்தானே... பிசிசி க்ளியரா வந்துடும், நோ-ன்னே போட்டுடலாம்.’ காவல் துறையின் பதிவில் அந்தப் பழைய எஸ்.டி.சி ஏறாமல் இருந்து, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் சுத்தமாக வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. கேட்ட கேள்வி ‘சான்றிதழில் என்ன இருக்கிறது’ என்பதில்லை. ‘தண்டிக்கப்பட்டீர்களா’ என்பது. சான்றிதழ் சுத்தமாக இருப்பதால் பொய் உண்மையாகிவிடாது.

சட்டத்தின் 40வது பிரிவுப்படி, முக்கியமான தகவலை மறைத்தால் 5 வருடத் தடை. தவறான தகவலை நேரடியாகக் கொடுத்தாலும், மறைமுகமாகக் கொடுத்தாலும் ஒன்றுதான். ‘மறைமுகமாக’ என்ற அந்த வார்த்தையில்தான் மனைவி மாட்டுகிறார். பிரதான விண்ணப்பதாரர் அவர். கணவர் தன் பகுதியில் எழுதிய ‘இல்லை’ அவருடைய விண்ணப்பத்தின் ஒரு அங்கம். ஏஜென்ட் எழுதியிருந்தாலும் கையெழுத்து அவர்களுடையது. ‘எனக்கு இது தெரியவே தெரியாது’ என்று மனைவி சொல்லலாம். அதை ஏற்றுக்கொள்வதற்கான வாசல் ரொம்பக் குறுகியது.

பிஆர் கிடைத்துவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. பின்னாளில் தெரியவந்தால் பிஆர் அந்தஸ்து போகும். குடியுரிமையே வாங்கியிருந்தாலும், பொய் சொல்லி வாங்கியது என்று அதை ரத்து செய்ய அங்கே சட்டம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, வீடு வாங்கி, குழந்தை அங்கேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு கடிதம் வருவதை நினைத்துப் பாருங்கள். ஒரு 10,000 ரூபாய் வழக்கை மறைக்க அவ்வளவு பெரிய கடனை வாங்கத் தேவையில்லை. பழைய தண்டனையைச் சரிசெய்ய வழி உண்டு. பொய்யைச் சரிசெய்ய அந்த அளவுக்கு வழி இல்லை.

வீட்டுக்குள் நடப்பதும் இதற்குக் குறைந்ததில்லை. வழக்கு இருந்ததைவிட அதைச் சொல்லாமல் விட்டதுதான் பல தம்பதிகளிடையே பெரிய உடைசலாகிறது. தன் பெயரில் போகும் விண்ணப்பத்தில், தனக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்காகத் தன் பெயர் கெட்டுப்போகும் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? சொல்லக் கூச்சமாக இருக்கலாம், மாமனார் காதுக்குப் போய்விடும் என்ற பயம் இருக்கலாம். ஆனால் ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டிய விஷயம் இது.

எல்லா வழக்கும் பைக் வழக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் மனைவியை அடித்த வழக்கு, கொடுமைப்படுத்திய வழக்கு, பாலியல் புகார் போன்றவற்றோடு இருக்கும் ஒருவருடன் கடல் கடப்பது வேறு விஷயம். புது நாட்டில் மொழி தெரியாமல், சொந்தம் இல்லாமல், சில சமயம் அவருடைய விசாவை நம்பியே இருக்கும் நிலை வரலாம். அங்கே ‘எப்படி விசா வாங்குவது’ என்ற கேள்விக்கு முன்னால் ‘போகலாமா’ என்ற கேள்வி இருக்கிறது. ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், வருடம் கொடுத்து, பெயரைப் போட்டுத் தேடினால் நடக்கும் வழக்குகளையும் முடிந்த வழக்குகளையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லா வழக்கும் அதில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. பார்க்கவே கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால்?

அப்போது விசாவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டே பிரச்சினை. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6(2)(எஃப்), இந்திய நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு பாஸ்போர்ட் மறுக்கலாம் என்கிறது. ஆனால் எஃப்ஐஆர் போட்டுவிட்டாலே வழக்கு நிலுவை ஆகிவிடாது. விசாரணை நிலையில் இருப்பவை இந்தப் பிரிவில் வராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகுதான் நிலுவை என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர் 10 தேதியிட்ட குறிப்பாணையில் சொல்லியிருக்கிறது. கீழே வெரிஃபிகேஷனுக்கு வரும் ஏட்டய்யாவுக்கு அது எட்டியிருக்கிறதா என்பது தனிக்கதை.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நடக்கிறது என்றாலும் கதவு முழுசாக மூடவில்லை. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே மனுப் போட்டு வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால், அதில் குறிப்பிட்ட காலத்துக்கு பாஸ்போர்ட் தரலாம். காலம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடம். வெளிநாட்டில் குடியேற ஒரு வருட பாஸ்போர்ட் எதற்கு ஆகும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். அதனால்தான் வழக்கறிஞர்கள் முதலில் வழக்கை முடிக்கச் சொல்கிறார்கள், அல்லது உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கிறார்கள். முன்பு 482வது பிரிவு என்று சொல்லிவந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528.

தமிழ்நாட்டில் இந்தப் பாஸ்போர்ட் வலியை ஊர் ஊராக அனுபவித்தவர்கள் போராட்டக்காரர்கள்தான். கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டபோது, இடிந்தகரையையும் அதைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களையும் சேர்ந்த இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாமல் நின்றார்கள். அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே மாதத் தீர்ப்பில் சொன்னது. ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளை, போலீஸைத் தாக்கியது போன்றவை தவிர, திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகளுக்கும் அதே வருடம் மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் அரசு அதைச் செய்தது. வேலைக்கும் மேல்படிப்புக்கும் தடையின்மைச் சான்று தரும் பேச்சும் அப்போது சேர்ந்தே வந்தது. வழக்கு வாபஸ் ஆனாலும் அதன் நிழல் பின்னால் வரும் என்று அரசுக்கே தெரியும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்த நிழல் எவ்வளவு நீளம் என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க விசா படிவம் ‘தண்டிக்கப்பட்டீர்களா’ என்று மட்டும் கேட்பதில்லை. ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ என்றும் கேட்கிறது. மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மெரினாவில் கைதாகி வழக்கு வாபஸான ஒருவர்கூட அங்கே ‘ஆம்’ போட்டு, வாபஸ் ஆணையை இணைப்பதே சரி. ஆஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதித்திருந்தால், அதை நிறுத்திவைத்திருந்தாலும், நன்னடத்தைத் தேர்வில் தேறவில்லை என்று ஆகிவிடும். சேர்ந்து விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டாலும் மொத்த விண்ணப்பமும் சிக்கும். பிரிட்டனிலும் எல்லைக்கோடு 12 மாதச் சிறைதான், ஆனால் வேலை விசாவில் போகிறவரையும் துணையையும் தனித்தனியாகவே பார்ப்பார்கள். அபராதத்தோடு முடிந்த ஒற்றை வழக்குக்கு இந்த இரண்டு நாடுகளும் கனடா அளவுக்குப் பயமுறுத்துவதில்லை.

வளைகுடாவில் இருந்து திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ எந்த நாட்டில் இருந்திருந்தாலும் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் கனடா கேட்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணமில்லாமல் திரும்பிய செக்கைப் பெரும்பாலும் குற்ற வழக்கில் இருந்து விலக்கியது 2022 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் செக் வழக்கில் தண்டனை வாங்கியவர்கள் உண்டு. ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்பதே அங்கே முக்கியக் கேள்வி. இல்லை என்றால் கனடாவில் அது கடன் பிரச்சினை, குற்றம் இல்லை என்று காட்ட முடியும்.

சரி, வழியே இல்லையா?

இருக்கிறது. ‘மறுவாழ்வு’ விண்ணப்பம் என்று கனடா ஒன்று வைத்திருக்கிறது. தண்டனை முடிந்து 5 வருடம் ஆனதும் போடலாம். அபராதம் மட்டும் என்றால் அதைக் கட்டிய நாளில் இருந்து கணக்கு. கூடவே வாகனம் ஓட்டத் தடை விதித்திருந்தால் அதுவும் முடிந்திருக்க வேண்டும். அந்த மனிதர் மாறிவிட்டார், இனி அப்படி நடக்காது என்று அதிகாரி நம்ப வேண்டும். நிலையான வேலை, குடும்பம், குடியை விட்டதற்கான சான்று, அதன் பிறகு வேறு வழக்கு இல்லாதது எல்லாம் கணக்கில் வரும். கடும் குற்ற வகைக்குக் கட்டணம் 1,000 கனடிய டாலருக்கு மேல், முடிவு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஏற்றுக்கொண்டால் அந்தத் தண்டனை அதோடு போச்சு, ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டியதில்லை.

கைகலப்பில் ஒருவரை லேசாக அடித்தது போன்ற, கனடாவில் 10 வருடத்துக்கும் குறைவான தண்டனை உள்ள ஒற்றைக் குற்றம் என்றால் இன்னும் சுலபம். தண்டனை முடிந்து 10 வருடம் ஆகியிருந்தால் மறுவாழ்வு அடைந்தவராக அவர்களே கருதிக்கொள்ளலாம். 2018 டிசம்பர் 18க்கு முன்னால் நடந்த ஒற்றைக் குடிபோதை வழக்குக்கும் இந்தச் சலுகையைக் கேட்க முடியும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததற்கு எத்தனை வருடம் காத்திருந்தாலும் தானாகக் கிடைக்காது, விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். அழைப்பு வந்த பிறகு 60 நாளில் இதைச் சமாளிக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. பாயின்ட்ஸ் கணக்குப் போட ஆரம்பிக்கும்போதே பழைய வழக்கை மேஜைக்குக் கொண்டுவந்தால், 5 வருடம் ஆகிவிட்டதா, ஆகவில்லையென்றால் இப்போதைக்குப் படிப்பு அல்லது வேலை அனுமதியில் ஒருவர் போகலாமா, வேறு நாட்டைப் பார்க்கலாமா என்று இருவரும் சேர்ந்து யோசிக்க நேரம் இருக்கும்.

கோர்ட்டில் ஏன் யாரும் சொல்வதில்லை?

அமெரிக்காவில் 2010இல் பதில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. குடியுரிமை இல்லாத ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றால், அதனால் நாடு கடத்தப்படும் ஆபத்து இருக்கிறதா என்று அவருடைய வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றது. நம் நிலைமை அதேதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஐடி கம்பெனியும் நர்சிங் காலேஜும் வெளிநாட்டு ஏஜென்ட் போர்டும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஒரு மாநிலத்தில், 24 வயதுப் பையன் ஒருவன் ‘ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, கிளம்பு’ என்ற அவசரத்தில் தலையாட்டும்போது, இது தண்டனையாகப் பதிவாகும், பின்னாளில் இதைக் கேட்பார்கள் என்று ஒரு வரி சொல்ல ஆள் இல்லை. சம்மனிலும் ரசீதிலும் இரண்டு வரி தமிழில் அச்சிட்டால்கூடப் போதும். இலவசச் சட்ட உதவி மையங்களில் இதைச் சொல்லலாம். செலவே இல்லாத காரியம்.

அதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டனில் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் 1974இல் இருந்தே இருக்கிறது. சிறிய குற்றம் செய்தவர் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், பெரும்பாலான விஷயங்களுக்கு அந்தத் தண்டனை காலாவதி ஆகிவிடும். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 24வது பிரிவு அப்படி ஒரு பாதுகாப்பு தருகிறது. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவர்களுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இருக்காது. மற்ற பெரியவர்களுக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. 22 வயதில் கட்டின அபராதம் 60 வயதிலும் கூடவே வரும். இங்கே காலாவதி ஆனால் கனடா அதை அப்படியே ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். ஆனாலும் தன் நாடே தன்னை மன்னித்துவிட்டது என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் ஒருவரை அந்த கவுண்டர் முன்னால் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

சட்டம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு பழைய வழக்கு இருந்தால், செய்ய வேண்டிய முதல் வேலை அந்த நீதிமன்றத்தில் எஸ்.டி.சி நம்பரைக் கொடுத்து, தீர்ப்புக்கும் எஃப்ஐஆருக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுவது. நம்பர் தெரியாவிட்டால் தேதி, காவல் நிலையம், வண்டி எண் வைத்துத் தேடச் சொல்லலாம். ஊதின கருவியின் சீட்டு நகலையும், அபராத ரசீதையும் சேர்த்து வாங்க வேண்டும். இதுபோன்ற சின்ன வழக்குகளின் கட்டுகளைக் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டார்கள் என்றால், அதையே எழுத்தில் சான்றாக வாங்கிக்கொள்ளுங்கள். அளவு 45தான் என்று நிரூபிக்கக்கூடிய ஒரே காகிதம் ஒரு பழைய ரெக்கார்ட் ரூமில் இருந்து எடைக்குப் போவதற்குள் போய்விடுவது நல்லது.